ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கும் ஆறு மைக்ரோஃபாரட்



"என் ஸ்பீக்கருக்கு எந்தக் கண்டென்சர் போட்டால் நல்லது?" பழைய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேட்கும்போதே ஒரு பிராண்டின் பெயரும் மனத்தில் இருக்கும். ஒரு ஜோடியின் விலை, அந்த ஸ்பீக்கரையே வாங்கிய விலையைத் தாண்டும். நான் பதில் சொல்வதற்கு முன் திருப்பிக் கேட்பேன்: பெட்டியைப் பிரித்துப் பார்த்தீர்களா? உள்ளே இருக்கும் கண்டென்சர் சர்க்யூட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது? அதன் மேல் என்ன அச்சிட்டிருக்கிறார்கள், மீட்டர் என்ன காட்டுகிறது?

இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால் எந்தக் கண்டென்சர், அதாவது எந்தக் கெப்பாசிட்டர், என்பது முக்கால்வாசி தானாகவே முடிவாகிவிடும். விடை கிடைக்காமல் வாங்கினால், எவ்வளவு விலை கொடுத்தாலும் அது குருட்டு முயற்சிதான். சில நேரம் நல்ல ஸ்பீக்கர் அதனால் கெட்டும் போகிறது. கெப்பாசிட்டரை மாற்றாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நாற்பது, ஐம்பது ஆண்டு ஓடிய பெட்டிக்கு மாற்றம் தேவைதான். அந்தப் பெட்டியை வடிவமைத்தவர் போட்ட கணக்கைப் புரிந்துகொண்டு மாற்ற வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

முதலில் அது செய்யும் வேலை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒரே ஜோடி வயரில் மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் வருகிறது, ஜால்ரா ஒலியும் வருகிறது. பெரிய கூம்புள்ள வூஃபரால் ஜால்ராவைச் சரியாக ஒலிக்க முடியாது. விரல்நகம் அளவுள்ள ட்வீட்டருக்குத் தொப்பியின் ஒலி போனால் அதன் சுருள் கருகிவிடும். இரண்டையும் பிரித்து அனுப்புவது கிராஸ்ஓவர். அதில் கெப்பாசிட்டரின் குணம் எளிமையானது. ஒலியின் அதிர்வெண் ஏற ஏற அதன் தடை குறையும். 6 மைக்ரோஃபாரட் மதிப்புள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸில் அது சுமார் 530 ஓம் தடை காட்டும். 500 ஹெர்ட்ஸில் 53 ஓம். 5000 ஹெர்ட்ஸில் 5.3 ஓம். அதாவது பாஸ் வந்தால் கதவு மூடியது போலவே இருக்கும். ஜால்ரா வந்தால் தாராளமாக வழிவிடும். இவ்வளவுதான் அடிப்படை.

இதில் எண்தான் முதலாளி. 8 ஓம் ட்வீட்டருக்கு முன்னால் அந்த 6 மைக்ரோஃபாரட் மட்டும் இருந்தால், பிரியும் இடம் சுமார் 3300 ஹெர்ட்ஸ். கெப்பாசிட்டரின் மதிப்பு 20 சதவீதம் குறைந்தால் அந்த இடம் 4150-க்கு ஏறிவிடும். 20 சதவீதம் கூடினால் 2760-க்கு இறங்கிவிடும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதியும், பாடகரின் சொற்களில் மெய்யெழுத்துகள் தெளிவு பெறும் பகுதியும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. எனவே ஸ்பீக்கரின் குரலே மாறிவிடும். இடது பெட்டியில் 4.8, வலது பெட்டியில் 7.2 என்று இருந்துவிட்டால், நடுவில் நிற்க வேண்டிய பாடகர் ஓரிடத்தில் நிற்காமல் கரைந்துபோவார். எந்த விலையுயர்ந்த கெப்பாசிட்டரும் தரப்போகும் முன்னேற்றத்தைவிட, சரியான மதிப்பும் இரண்டு பெட்டிக்கும் பொருத்தமும் தருவது பெரிது. இரண்டு பெட்டிகளிலும் ஒன்றுக்கொன்று ஓரிரு சதவீதத்துக்குள் ஒத்துப்போகும்படி அளந்து போடுங்கள். கடையில் பத்து வாங்கி, நெருக்கமாக ஒத்துப்போகும் இரண்டைப் பொறுக்கினாலே போதும்.

இனி ஓர் உண்மையான பெட்டியைப் பிரித்துப் பார்ப்போம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், 1954-இல் எட்கர் வில்ச்சரும் ஹென்றி கிளாஸும் அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதுவரை ஆழமான பாஸ் வேண்டுமானால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். காற்றுப் புகாத சிறிய பெட்டியில் அடைபட்ட காற்றையே வூஃபருக்கு ஸ்பிரிங் ஆக்கிக் காட்டினார் வில்ச்சர். 1958-இல் வந்த ஏஆர்-3 குமிழ் வடிவ ட்வீட்டரை வீட்டுக்குள் கொண்டுவந்தது. 1967-இல் அதன் தம்பியாக ஏஆர்-3ஏ வந்தது: 12 அங்குல வூஃபர், ஒன்றரை அங்குல மிட்ரேஞ்ச் குமிழ், முக்கால் அங்குல ட்வீட்டர். ஒலி பிரியும் இடங்கள் 575 ஹெர்ட்ஸும் 5000 ஹெர்ட்ஸும். உலகம் முழுக்க இன்றும் ஆர்வலர்கள் செப்பனிட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் இது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன். இதில் புரிந்தது எந்தப் பெட்டிக்கும் பொருந்தும்.

அதன் கிராஸ்ஓவரில் மூன்று கெப்பாசிட்டர்கள்: 150, 50, 6 மைக்ரோஃபாரட். 6 ட்வீட்டருக்குத் தொடராக நிற்கிறது. ட்வீட்டருக்குப் போகும் ஒவ்வொரு துளி ஒலியும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். 50 அதேபோல் மிட்ரேஞ்சுக்குத் தொடராக நிற்கிறது. 150 அப்படியல்ல. வூஃபருக்கு முன்னால் ஒரு சுருள் தொடராக இருக்கிறது, அந்தச் சுருளைத் தாண்டி வரும் மிச்சசொச்ச உச்ச ஒலியை வூஃபருக்குப் போகவிடாமல் குறுக்கே இழுத்துத் திருப்பி அனுப்புவது 150-இன் வேலை. நாம் கேட்கும் பாஸ் அதன் வழியாக வருவதில்லை.

மூன்றும் ஒரே சட்டியில் கிடந்தாலும் மூன்றின் வேலையும் வேறு வேறு. தொடரில் நிற்பது எதுவோ அதன் குறை நேரே காதுக்கு வரும். குறுக்கே நிற்பதன் குறை, அது திருப்பி அனுப்ப வேண்டியதில் கொஞ்சம் கசிவதாகத்தான் தெரியும். பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் ட்வீட்டரின் தொடர் கெப்பாசிட்டருக்குச் செலவழியுங்கள். அடுத்தது மிட்ரேஞ்ச். வூஃபரின் குறுக்குக் கெப்பாசிட்டருக்கு எலக்ட்ரோலிட்டிக் வகையில் நல்ல புதியது ஒன்றே போதும். 150 மைக்ரோஃபாரட்டைப் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் படல வகையில் வாங்கினால் கை முஷ்டியைவிடப் பெரிதாக வரும், விலையும் அப்படித்தான். அந்தக் காசில் கிடைக்கும் பலன் கேட்கும் அளவுக்கு இருக்காது.

பழைய கெப்பாசிட்டர் ஏன் கெடுகிறது? 1960, 70, 80-களின் பெரும்பாலான வீட்டு ஸ்பீக்கர்களில் இருப்பது துருவமில்லாத எலக்ட்ரோலிட்டிக், நம் கடைகளில் 'நான்-போலார்' என்று கேட்டால் கிடைப்பது. இரண்டு அலுமினியத் தகடுகளின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம், நடுவே மின்பகு திரவம் ஊறிய காகிதம். ரப்பர் அடைப்பின் வழியே அந்தத் திரவம் ஆண்டுக்கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். உலர உலர உள்தடை ஏறும், மதிப்பு மாறும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இந்த வகைக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. நம் ஊர் வெயிலில், ஓட்டுக் கூரைக்கு அடியில் பரண் மேல் ஏற்றிவைத்த ஸ்பீக்கரின் நிலையை நீங்களே கணித்துக்கொள்ளலாம். பாடாமல் சும்மா கிடந்தாலும் அது உலர்கிறது.

பிளாஸ்டிக் படல வகைகள் அப்படியல்ல. அவற்றில் உலரத் திரவமே இல்லை. பாலியெஸ்டர் ஒன்று. பாலிப்ரொப்பிலீன் இன்னொன்று. இத்தாலியில் ஜூலியோ நாட்டா 1954-இல் உருவாக்கி, அந்த வழியில் 1963-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே பிளாஸ்டிக். இந்தப் படலத்தின் மேல் உலோகத்தை ஆவியாக்கிப் படியவைத்துச் சுருட்டினால் மெட்டலைஸ்டு வகை. எங்காவது படலம் பொத்துக்கொண்டால் அந்த இடத்து உலோகம் ஆவியாகித் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும். தனித் தகடு வைத்துச் சுருட்டினால் ஃபிலிம்-ஃபாயில் வகை. அது பருமனாக இருக்கும், விலை கூடும், பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும். வீட்டு ஸ்பீக்கரின் கிராஸ்ஓவருக்கு மெட்டலைஸ்டு தாராளமாகப் போதும்.

இந்த மூன்று பொருள்களுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எண்ணில் பார்க்கலாம். கெப்பாசிட்டர் தன் வழியே போகும் ஆற்றலில் ஒரு சிறு பங்கைச் சூடாக்கி விழுங்கிவிடும். அந்தப் பங்கை 1000 ஹெர்ட்ஸில் அளந்தால் பாலிப்ரொப்பிலீனில் 0.05 சதவீதத்துக்கும் கீழே. பாலியெஸ்டரில் அரை சதவீதம் அளவில். துருவமில்லாத எலக்ட்ரோலிட்டிக் புதியதாக இருக்கும்போதே பல சதவீதம். 6 மைக்ரோஃபாரட்டுக்கு இதை ஓமாக மாற்றினால், பாலிப்ரொப்பிலீன் தன்னோடு சுமந்து வரும் உள்தடை 0.013 ஓம். பாலியெஸ்டர் 0.13 ஓம். நான்கு சதவீத இழப்புள்ள எலக்ட்ரோலிட்டிக் 1 ஓம்.

பேச்சின் மையமான இடத்துக்கு இப்போது வந்திருக்கிறோம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மேம்படுத்துகிறோம் என்று நினைத்து ஸ்பீக்கரைக் கெடுக்கும் வேலை பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

எலக்ட்ரோலிட்டிக்கின் உள்தடை அதிர்வெண் ஏற ஏறக் குறையும். ட்வீட்டர் பாடும் பகுதியில் அது அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். 8 ஓம் ட்வீட்டருக்கு முன்னால் அரை ஓம் என்றால் ஒலி அரை டெசிபல் குறையும். 1 ஓம் என்றால் ஒரு டெசிபல். 2 ஓம் என்றால் ஏறத்தாழ இரண்டு டெசிபல். ஸ்பீக்கரை வடிவமைத்தவர் இதை அறியாதவர் அல்ல. அவர் கையில் இருந்தது எலக்ட்ரோலிட்டிக். அதைப் போட்டுத்தான் அளந்தார், அதைப் போட்டுத்தான் கேட்டார். ட்வீட்டர் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் தொடர் ரெசிஸ்டரைக் கூட்டினார், அடங்கித் தெரிந்தால் குறைத்தார். கெப்பாசிட்டரின் உள்தடையையும் சேர்த்துத்தான் அந்த ஸ்பீக்கரின் குரல் அமைந்தது. கருவாட்டுக் குழம்பு வைக்கிறவர் கருவாட்டின் உப்பைக் கணக்கில் வைத்துத்தான் உப்புப் போடுகிறார். அதே பக்குவத்தில் கருவாட்டுக்குப் பதில் பச்சை மீனைப் போட்டால், மீன் எவ்வளவு உயர்ந்த மீனாக இருந்தாலும் குழம்பு சப்பென்றுதான் இருக்கும்.

ஸ்பீக்கரில் நடப்பது இதன் தலைகீழ், சுவை கூடிவிடும். எலக்ட்ரோலிட்டிக்கை எடுத்துவிட்டு பாலிப்ரொப்பிலீனைப் போட்டதும் அரை டெசிபலோ ஒரு டெசிபலோ ட்வீட்டர் முழுவதும் உயர்ந்துவிடுகிறது. பழையது உலர்ந்து இரண்டு ஓம் ஏறிப்போயிருந்தால் மாற்றம் இன்னும் பெரிது. உட்கார்ந்து கேட்பவர், "அடடா, எவ்வளவு தெளிவு! இதுவரை கேட்காத சங்கதியெல்லாம் கேட்கிறதே" என்கிறார். அவர் கேட்டது உண்மைதான். தெளிவு போல் தெரிந்தது ட்வீட்டரின் ஒலியளவு கூடியதால். அதில் ஒரு பகுதி, உலர்ந்த கெப்பாசிட்டர் இத்தனை ஆண்டு விழுங்கியிருந்த ஒலி திரும்பி வந்தது. அது நியாயமான மீட்பு. மறு பகுதி, வடிவமைத்தவர் வேண்டாம் என்று விலக்கிவைத்த ஒலி. இதனால்தான் முதல் வாரம் மகிழ்ந்தவர் மூன்றாம் மாதம் வந்து, வயலின் கேட்டால் காது களைத்துப்போகிறது என்கிறார்.

தீர்வு மிக எளிது. பாலிப்ரொப்பிலீனைப் போடுங்கள், அதற்குத் தொடராக அரை ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரையும் போடுங்கள். 0.47 ஓம், 5 வாட், கம்பி சுற்றியது, சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதே மதிப்பில் நல்ல எலக்ட்ரோலிட்டிக் ஒன்றைப் புதிதாக வாங்கி, எல்.சி.ஆர். மீட்டரில் 10,000 ஹெர்ட்ஸில் அதன் உள்தடையை அளந்தால், எவ்வளவு ரெசிஸ்டர் வேண்டும் என்பது தெரிந்துவிடும். இனி உலராத, மாறாத ஒரு கெப்பாசிட்டரும் கிடைத்தது, வடிவமைத்தவர் வைத்த அளவும் காப்பாற்றப்பட்டது. ஏஆர்-3ஏ போன்ற பெட்டிகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மிட்ரேஞ்சுக்கும் ட்வீட்டருக்கும் பின்புறம் தனித்தனி ஒலியளவுத் திருகு வைத்திருப்பார்கள். அவற்றின் உள்ளே உலோகம் பச்சை பிடித்துத் தொடர்பு விட்டுப்போவது அந்த ஸ்பீக்கரின் எல்லோரும் அறிந்த நோய். ட்வீட்டர் மங்கிக் கேட்டால் கெப்பாசிட்டரைக் குற்றம் சொல்லும் முன் அந்தத் திருகைச் சுத்தம் செய்யுங்கள்.

கெப்பாசிட்டருக்குத் தனிக் குரல் உண்டு என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1980 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அமெரிக்காவின் ஆடியோ என்ற இதழில் வால்ட் ஜங், ரிச்சர்ட் மார்ஷ் இருவரும் கெப்பாசிட்டர் தேர்வு பற்றி நீண்ட கட்டுரை எழுதினார்கள். ஆற்றல் இழப்பையும், மின்னூட்டத்தை முழுவதும் விட்டுக்கொடுக்காமல் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளும் குணத்தையும் முன்வைத்து, ஒலிக்கருவியில் எந்தப் பொருள் எங்கே பொருந்தும் என்று வரிசைப்படுத்தினார்கள். அதுவரை மதிப்பையும் வோல்டேஜையும் மட்டும் பார்த்துக் கெப்பாசிட்டர் வாங்கிக்கொண்டிருந்தவர்களைப் பொருளைப் பற்றியும் யோசிக்கவைத்தது அந்தக் கட்டுரை. அந்த வகையில் அது பெரிய சேவை.

இருபது ஆண்டு கழித்து, பிரிட்டனின் எலக்ட்ரானிக்ஸ் வேர்ல்டு இதழில் 2002-இலிருந்து சிரில் பேட்மன் ஒரு தொடர் எழுதினார். கெப்பாசிட்டர் துறையிலேயே வேலை பார்த்தவர் அவர். தானாகச் சிதைவு சேர்க்காத ஆசிலேட்டரைத் தானே கட்டி, வகை வகையான கெப்பாசிட்டர்கள் எவ்வளவு சிதைவை உண்டாக்குகின்றன என்று அளந்தார். பாலிப்ரொப்பிலீன் ஏறத்தாழ மாசற்று வந்தது. பாலியெஸ்டர் சற்றுப் பின்னால் வந்தது. எலக்ட்ரோலிட்டிக்குகளில் துருவமில்லாதவை துருவமுள்ளவற்றைவிட நன்றாக இருந்தன. அதிகக் கொள்ளளவைச் சிறு உருவத்தில் அடைக்கும் செராமிக் வகைகள் மோசமாக இருந்தன. அவற்றின் மதிப்பே அவற்றின் மேல் விழும் வோல்டேஜுக்கு ஏற்ப மாறும். கிராஸ்ஓவரில் அவற்றுக்கு இடமில்லை.

இந்த அளவீடுகளைக் கவனித்துப் படித்தால் ஒன்று புரியும். பொருளுக்குப் பொருள் வேறுபாடு பெரிது. ஒரே பொருளில், ஒரே மதிப்பில், நன்றாகச் செய்யப்பட்ட இரண்டு கெப்பாசிட்டர்களுக்கு இடையே வேறுபாடு மிக மிகச் சிறிது. விலைப் பட்டியல் இதற்கு நேர் எதிராக ஏறுகிறது. எலக்ட்ரோலிட்டிக்கிலிருந்து சாதாரண பாலிப்ரொப்பிலீனுக்குப் போகச் சிறு செலவுதான். சாதாரண பாலிப்ரொப்பிலீனிலிருந்து வெள்ளித் தகடு, தங்கம் கலந்த எண்ணெய் என்று போகப்போக விலை பத்து மடங்கு, நூறு மடங்கு ஏறும். அந்த ஏற்றத்துக்கு ஈடான எதையும் மீட்டர் காட்டுவதில்லை. ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பையன் மாதச் சம்பளத்தில் பாதியை இரண்டு கெப்பாசிட்டருக்குக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பணத்துக்கு வூஃபரின் இற்றுப்போன ஃபோம் வளையத்தை மாற்றியிருக்கலாம். கேட்கும் அறைக்குத் தடித்த திரையும் ஜமுக்காளமும் வாங்கியிருக்கலாம். இரண்டும் எவர் காதுக்கும் எட்டும்.

பெரிய கெப்பாசிட்டரின் மேல் 0.1 மைக்ரோஃபாரட்டில் விலையுயர்ந்த ஒன்றை இணையாகச் சேர்க்கும் பழக்கமும் இருக்கிறது. உச்ச ஒலி அந்தச் சிறியதன் வழியே போகும் என்று காரணம் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20,000 ஹெர்ட்ஸில், அதாவது காதுக்கு எட்டும் எல்லையில், 6 மைக்ரோஃபாரட்டின் தடை 1.3 ஓம். 0.1-இன் தடை 80 ஓம். 1.3 ஓம் வழி திறந்திருக்கும்போது 80 ஓம் வழியில் எவ்வளவு போகும்? மின்னோட்டத்தில் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம்தான். மொத்த மதிப்பு 6.1 ஆகிறது, அவ்வளவே. ஆனால் 4.7-உம் 1.2-உம் சேர்த்து 5.9 ஆக்குவது வேறு விஷயம். சரியான மதிப்பு சந்தையில் கிடைக்காதபோது அப்படிச் சேர்ப்பது முறையான வேலை. இணையாகப் போட்டால் மதிப்புகள் கூடும்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு நற்செய்தி. சீலிங் ஃபேனில் போடும் கண்டென்சர் இருக்கிறதே, 2.5 மைக்ரோஃபாரட், 3.15 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் ஏ.சி. என்று எழுதியிருக்கும். அது மெட்டலைஸ்டு பாலிப்ரொப்பிலீன். ஸ்பீக்கருக்கென்று விற்கும் கெப்பாசிட்டரில் இருக்கும் அதே பொருள்தான். எந்த ஊர் எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும். 440 வோல்டைத் தாங்குமாறு செய்தது, ஸ்பீக்கரில் அதற்கு ஒரு சிரமமும் இல்லை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தாலும் வோல்டேஜ் 28, உச்சத்தில் 40. ஓடிய ஃபேனிலிருந்து கழற்றியதை மட்டும் போடாதீர்கள். மின்னழுத்த ஏற்றத்தில் அது தன்னைத்தானே ஆற்றிக்கொண்டு ஆற்றிக்கொண்டு மதிப்பு தேய்ந்திருக்கும். பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். புதியது வாங்கி அளந்து போடுங்கள். 3.15-உம் 2.5-உம் சேர்ந்தால் 5.65 வருகிறது, ஒரு 0.33 சேர்த்தால் 5.98. ஏஆர்-3ஏ-வின் ட்வீட்டருக்கு அது போதும். பெட்டிக்குள் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்திசையில் ஓர் எச்சரிக்கை. பழைய ராணுவச் சரக்கு, பழைய தொழிற்சாலைச் சரக்கு என்று தகரப் பெட்டியில் அடைத்த எண்ணெய்க் காகிதக் கெப்பாசிட்டர்களைச் சிலர் தேடிப் போகிறார்கள். 1970-களுக்கு முந்தைய அவற்றில் பலவற்றின் எண்ணெய் பி.சி.பி. என்ற நச்சு. அமெரிக்கா அதன் உற்பத்தியை 1979-இல் தடை செய்தது. 2001-இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உலகம் முழுவதும் ஒழிக்க வேண்டிய பொருள்களில் அதைச் சேர்த்தது. உடலின் கொழுப்பில் தங்கிவிடும், புற்றுநோய் வரவழைக்கும். எண்ணெய் கசியும் பழைய தகரக் கெப்பாசிட்டரை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். எந்த ஒலிக்காகவும் வேண்டாம்.

இனி கைவேலை. அளக்கும்போது கெப்பாசிட்டரின் ஒரு காலையாவது சர்க்யூட்டிலிருந்து கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். இல்லாவிட்டால் பக்கத்துச் சுருளும் ரெசிஸ்டரும் சேர்ந்து மீட்டரை ஏமாற்றிவிடும். பிரிக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், எந்த வயர் எந்த முனை என்று எழுதுங்கள். ஒரு ட்வீட்டரின் வயர் தலைகீழாக மாறிவிட்டால், பிரியும் இடத்தில் இரண்டு ஒலியும் ஒன்றையொன்று விழுங்கிக்கொள்ளும், பிறகு பழியெல்லாம் புதிய கெப்பாசிட்டரின் மேல் விழும். சில சர்க்யூட்டுகளில் வேண்டுமென்றேதான் தலைகீழாக வைத்திருப்பார்கள். அதைத் 'திருத்தி'விடக் கூடாது. புதியவை உருவில் பெரியவை என்பதால் காலை மட்டும் நம்பாமல் பலகையோடு கட்டுங்கள். பெட்டிக்குள் வூஃபர் அடிக்கும் அடியில் ஆடி ஆடி சால்டர் விட்டுப்போகும். புளித்த வாசனை வரும் சிலிக்கோன் பசை செம்பை அரிக்கும், அதைத் தவிருங்கள். சுருள்களைக் கெப்பாசிட்டரோடு சேர்த்து மாற்றாதீர்கள். சுருளின் கம்பித் தடையும் அதே வடிவமைப்புக் கணக்கில் சேர்ந்ததுதான்.

ஏஆர்-3ஏ போன்ற காற்றுப் புகாத பெட்டியில் வூஃபரைக் கழற்றித்தான் கிராஸ்ஓவரை எட்ட முடியும். உள்ளே கண்ணாடி நாரோ வேறு நாரோ அடைத்திருக்கும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் கை வைக்காதீர்கள். எடுத்த நாரை எடுத்த அளவே திரும்ப அடையுங்கள். மூடும்போது பழைய புட்டியை எடுத்துவிட்டுப் புதிதாக அடைத்துக் காற்றைக் கட்டுங்கள். அந்தக் காற்றுதான் வூஃபரின் ஸ்பிரிங் என்று முன்பே சொன்னேன்.

கேட்டுப் பார்ப்பது கடைசி. ஃப்ளாய்டு டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டு மதிப்பிட்டவர்கள், திரைக்குப் பின்னால் அவற்றைக் கேட்டபோது தங்கள் மதிப்பீடுகளை மாற்றிக்கொண்டார்கள். கேட்டவர்கள் ஒலித்துறையிலேயே வேலை செய்தவர்கள். பெட்டியின் உருவமும் பெயரும் விலையும் அவர்கள் காதுக்குள்ளேயே புகுந்துவிட்டிருந்தன. நமக்கும் அப்படித்தான் நடக்கும். எனவே ஒரு பெட்டியை மட்டும் முதலில் மாற்றுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மோனோவில் ஒரே பாட்டைப் போடுங்கள். எது எந்தப் பெட்டி என்று உங்களுக்குத் தெரியாமல் வீட்டில் வேறு யாராவது மாற்றி மாற்றிப் போடட்டும். நன்றாகப் பதிவான குரல் ஒன்று, ஜால்ராவும் கஞ்சிராவும் உள்ள பதிவு ஒன்று, எஃப்.எம். ஸ்டேஷனுக்கு நடுவே வரும் இரைச்சல் கொஞ்சம். இரைச்சலில்தான் அரை டெசிபல் வேறுபாடு பளிச்சென்று தெரியும். மாற்றிய பெட்டி உச்சத்தில் தூக்கலாக இருந்தால் 0.47 ஓமைப் போடுங்கள், இன்னும் இருந்தால் 0.68. இரண்டும் ஒன்றாகவே கேட்டால் பழைய கெப்பாசிட்டர் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அப்போது இரண்டாவது பெட்டியையும் மாற்றுவது எதிர்காலப் பாதுகாப்புக்காக மட்டுமே. இல்லாத முன்னேற்றத்தைக் கேட்டதாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

உங்களில் சிலர் வீட்டு ஸ்பீக்கரின் கிராஸ்ஓவர் பலகையையே கழற்றிக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று அமைப்பாளர் சொன்னார். மேடைக்குப் பக்கத்து மேசையில் எல்.சி.ஆர். மீட்டரும் சால்டரிங் அயனும் இருக்கின்றன. ட்வீட்டருக்குத் தொடராக நிற்கும் கெப்பாசிட்டரிலிருந்து தொடங்குவோம். ஒவ்வொருவராக வாருங்கள், ஒரு காலைக் கழற்றி அளந்து பார்த்துவிடலாம்.